ரொசாலி படித்த பாடம்

மறைக்கல்வி வகுப்பின் சன்னல் வழியே கருவாட்டு வாடையும் துறைமுகத்து நிலக்கரித் தூளும் சேர்ந்தே வரும். மத்தியானத்துக்குள் நோட்டின் மேல் கறுப்பாகப் படிந்துவிடும் அந்தத் தூளை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டேதான் நானும் ரொசாலியும் ஏழாம் வகுப்பில் 'சீடர் குழு'வில் பெயர் கொடுத்தோம். எங்கள் கன்னியர் பள்ளியில் கணக்கும் அறிவியலும் இரண்டாம் பட்சம். "சீடரா ஆக்காத படிப்பு என்ன படிப்பு" என்பது எங்கள் சிஸ்டர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. சனிக்கிழமைதோறும் எங்களை இருவர் இருவராக உப்பளத்துக் குடிசைகளுக்கு உதவி செய்ய அனுப்புவார். எங்கள் இருவருக்கும் வாய்த்தது, கணவனை இழந்து இரண்டு சின்னக் குழந்தைகளோடு இருந்த காளியம்மாள் அக்காவின் வீடு. நான் கழுத்துச் சிலுவையான 'குருசு' எல்லாருக்கும் தெரியும்படி வாசலில் நின்றுகொண்டிருப்பேன். ரொசாலி உள்ளே போய்க் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவாள்.

அந்த ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கி, குடிதண்ணீர் கெட்டு, குடிசைகளில் 'வாந்திபேதி' பரவியது. இனி யாரும் அங்கே போகக் கூடாது என்று சிஸ்டர் வகுப்பில் கண்டிப்பாகச் சொன்னார். காளியம்மாள் அக்காவும் படுத்துவிட்டாள் என்று அன்றே தெரிந்தது.

மணி அடித்து வெளியே வந்ததும் ரொசாலி கேட்டாள்: "ஏளா, நாம போவலன்னா அந்தப் பிள்ளையளுக்கு யாரு கஞ்சி குடுப்பா?"

"சிஸ்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்கல்லா."

"நல்லா இருக்கும்போது மட்டும் போனா அதுக்குப் பேரு சீடரா?"

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோவில் வாசலுக்கு வருவதாக வாக்குக் கொடுத்தேன். விடிந்ததும் காய்ச்சல் என்று அம்மாவிடம் பொய் சொல்லிப் போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். எனக்காக அவள் எவ்வளவு நேரம் காத்து நின்றாள் என்று இன்றுவரை தெரியாது. தூக்குவாளியோடு தனியாகப் போனாள்; நான்கு நாள் போனாள். காளியம்மாள் அக்கா பிழைத்தாள், குழந்தைகளும் பிழைத்தார்கள். ஐந்தாம் நாள் ரொசாலியைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறாம் நாள் பெட்டி வந்தது.

அடக்கப் பூசை முடிந்து சிஸ்டர் அவளுடைய அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடலுக்குப் போன கணவன் இன்னும் கரை சேராத அந்தத் தாய் அழவில்லை.

"நீங்க சொல்லிக் குடுத்தத எம்மவ ஒருத்திதான் படிச்சிருக்கா, சிஸ்டர். மத்த பிள்ளையள் படிக்கல. அதான் எல்லாம் முழுசா நிக்குது."

சொல்லிவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்தாள். அவள் பார்வை என்மேல் நிற்கவில்லை. நிற்க வேண்டிய காரணம் அவளுக்குத் தெரியாது.

அதன்பிறகு சீடர் குழு கூடவே இல்லை. சிஸ்டர் அந்த வருடமே மாற்றலாகிப் போனார். குடிசைகள் இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. காளியம்மாள் அக்கா பிள்ளைகளோடு ஓட்டப்பிடாரம் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி, தேடிப் போக எனக்குத் துணிவு வந்ததில்லை. என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. போன மாதம், ஆதரவற்ற நோயாளிகள் இல்லத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டாள். பரீட்சை வருகிறது என்றேன்.