அத்தான் உரித்த ஸ்டிக்கர்

என் அக்காவின் கணவர் பூங்கா அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டினார். அத்தனை வருடத்தில் ஊரார் சொன்ன ஒரு சொல்லாவது அவர் காதில் ஏறியிருந்தால் என் மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் பூங்கா அமைக்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அத்தானும் கேட்பார். கையெழுத்தாகி முடிந்த வரைபடம் பீரோவில் இருக்கும். சுவரில் ஒரு பட அட்டையை மாட்டி, ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கர் கொடுத்து, "எது வேணுமோ அதுமேல ஒட்டுங்க" என்பார். ஜனங்கள் நிழலில் பெஞ்சு, கழிப்பறை என்று ஒட்டிவிட்டுப் பூரித்துப் போவார்கள். கடைசி ஆள் படியிறங்கியதும் ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்து அடுத்த கூட்டத்துக்குப் பத்திரப்படுத்துவார். பூங்காவில் வருவதென்னவோ தண்ணீர் வராத நீரூற்றுதான்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். முழங்கால் வலி, பத்தடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். அவரே போட்ட எங்கள் தெருப் பூங்காவில் ஒரு பெஞ்சு கிடையாது.

போன வாரம் அதைச் சீரமைக்கக் கருத்துக் கேட்டார்கள். அக்காவோடு முதல் ஆளாகப் போனார். புது அதிகாரி பச்சை ஸ்டிக்கர் கொடுத்தாள். பெஞ்சுப் படத்தின்மேல் ஒட்டினார், விழுந்தது. எச்சில் தொட்டு ஒட்டினார், மறுபடியும் விழுந்தது.

"என்னம்மா, ஒட்டவே மாட்டேங்குது?"

"பழசு சார். நீங்க சேத்து வச்சிட்டுப் போனதுதான்."

"இன்னும் கொஞ்சம் எச்சில் வைங்க" என்றாள் அக்கா.