ஏணிக்கு ஒரு கை

துறைமுகத்தை ஒட்டிய சூலியா தெருக் கடையில் இரண்டு டார்ச் விளக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாள் முழுதும் கப்பல்களில் ஏறி இறங்கியதில் கால்கள் கெஞ்சின.

"பெருசுல வெளிச்சம் ஜாஸ்தி லா, அண்ணே," என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் யாரோ புட்டியில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வாடையில் வாப்பா நினைவில் வந்துவிட்டார்.

வாப்பாவும் என்னைப்போல் கப்பலில் சரக்குச் சரிபார்க்கும் குமாஸ்தாதான். பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும் சரக்கறைக்குள், ஒரு கையில் அரிக்கன் விளக்கோடு, மறு கையால் ஏணியைப் பிடித்து இறங்குவார். வீட்டுக்கு வந்ததும் விளக்கின் கண்ணாடியைப் பழைய கைலித் துணியால் துடைப்பார். பிறகுதான் தேநீர்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் ஏணியில் அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. கூலிக்காரர்கள் தூக்கி வந்தார்கள். தோள்மூட்டு நழுவியிருந்தது. விழும்போதும் விளக்கைச் சாயவிடவில்லை என்றார்கள்.

"வெளக்க வுட்டுட்டு ஏணியப் புடிச்சிருக்கலாம்லங்க?" என்று உம்மா அழுதார்.

"கீழ பூரா பஞ்சு மூட்டை. நடுவுல ஆளுங்க நின்னாங்க," என்றார் வாப்பா.

அந்தக் கை அதன்பின் தோளுக்கு மேல் எழவில்லை. கொஞ்சம் தேறியதும் மறுபடி இறங்கப் போனார்.

சின்ன டார்ச்சையே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாளையும் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும்.