ஈரத்துக்கும் கழிவு, காய்ந்தாலும் கழிவா?

போன வியாழக்கிழமை, தேவதானப்பட்டி தாண்டி ஓர் ஆலையின் கேட்டுக்கு வெளியே, எடை போட்டு வந்து லாரி நிழலில் குந்தியிருந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. கேள்வி என்பதைவிட ஆத்திரம் என்றே சொல்லலாம்.

மரத்தைச் சூடாக்கி எண்ணெய் இறக்குகிற ஆலை அது. டீசலுக்குப் பதில் பாய்லரில் எரிக்கலாம். சீக்கிரம் வளர்கிற சூபாபுல்தான் கச்சாப்பொருள். அதைப் புகழ்ந்து இதே பத்தியில் நான் எவ்வளவு துள்ளியிருக்கிறேன்! எங்கள் பக்கத்துத் தோட்டத்து முத்துலட்சுமி அக்காவை மரம் வைக்கச் சொன்னதும் நானேதான்.

அக்கா தோப்பில் பாதியை வெட்டினோம். அன்றே உத்தமபாளையத்தில் எடை போட்டு, சீட்டோடு வந்தோம். ஆலைக்குள் போக டோக்கன் கிடைத்தது... மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு!

உள்ளே எடை மேடையில் ஏற்றினால், லோடு இளைத்துப்போயிருந்தது.

"எங்க சார் போச்சு மிச்சம்?" என்று கேட்டேன்.

"காஞ்சிருக்கும்" என்றார் சூப்பர்வைசர், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"காஞ்ச மரம்தானே உங்களுக்கு வேணும்? அப்ப ரேட்டைக் கூட்டுங்க!"

"ரேட்டு ஒண்ணுதான். பச்சையா வந்தா ஈரத்துக்குக் கழிக்கச் சொல்லிருக்காக. காஞ்சு வந்தா மேடை காட்டுற எடைக்குத்தான் காசு."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே தம்பி, ஈரமா வந்தா கழிக்கிறாக. காஞ்சு வந்தா தானா கழியுது. அப்ப நாம எப்பிடித்தான் வரணும்? பொடியாக்கி டப்பாவுல கொண்டாரவா?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தில் இருக்கிற தண்ணீர் எண்ணெய் ஆகாது என்பது ஆலைக்குத் தெரியும். காய்ந்த மரத்தை, பச்சை மரத்தின் விலைக்கு வாங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி உண்டா? உலர்த்துகிற செலவு சூரியனுடையது, இழப்பு அக்காவுடையது, லாபம் மட்டும் கேட்டுக்கு உள்ளே! இதற்குப் பெயர் பசுமை எரிபொருளாம்.

நானும் குற்றவாளிதான். எத்தனை மாதத்தில் வளரும், எவ்வளவு எண்ணெய் வரும் என்றெல்லாம் விசாரித்தேன். எடை எப்போது போடுவார்கள் என்று கேட்கவே இல்லை.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

"இன்னும் பாதித் தோப்பு அங்கன நிக்குதுல்ல? வெட்டுனாத்தானே காயும். நிக்கிற மரம் வளரத்தான் செய்யும். அவுகளுக்குத்தான் அடுப்பு அணையும்."

திங்கட்கிழமை மறுபடி போகிறோம். சூபாபுல் வைத்த மற்றவர்களும் வருகிறார்கள். கையில் நாலு கட்டை, ஒரு தராசு, ஈரம் அளக்கும் மீட்டர்... ஈரம் நீக்கிய எடைக்கு விலை என்று எழுதிக் கொடுத்தால்தான் மரம் வெட்ட அரிவாள் எடுப்போம்.

இந்த முறை லாரி கிடையாது. காத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்!