கொழும்பு வெயிலில் கட்டச் சொன்ன பாலம்

இந்த நாட்டில் கட்டட வேலைகளுக்கு நாள் குறிப்பவர்கள் ஒருமுறையாவது கார்த்திகையில், கிழக்கில் வாவியோரம் கிடக்கும் எங்கள் படுவான்கரைக்கு வந்து முழங்காலளவு தண்ணியில் நிற்கவேண்டும். கதிரை போட்டுத் தரமாட்டோம்.

என் அக்காவின் கணவர் சின்னக் கொந்தராத்துக்காரர். மதகு, சுற்றுமதில், பள்ளிக்கூடக் கழிவறை என்று ஊருக்குள் கிடைத்த வேலைகளில் மேலே வந்தவர். பழுகாமத்துப் பக்கம் வயல் வட்டைக்குப் போகும் ரோட்டில், வாவியோரமாக ஒரு சின்னப் பாலம். அதற்கு அத்தானுடைய விலை தெரிவானபோது தொழில்நுட்பக் கல்லூரியை அப்போதுதான் முடித்திருந்த நான் மடிக்கணினியில் கலர்க் கலராகக் கோடு போட்டு வேலைத்திட்டம் செய்தேன். ஆடியில் வாவி வற்றிக் கிடக்கும்போது அடித்தளம், மழைக்கு முன் மேல்தட்டு. அத்தானை ஒப்பந்தக் கையெழுத்துக்குக் கூப்பிட்டதோ கார்த்திகை பிறந்த பிறகு. வருஷ முடிவுக்குள் முடிக்கவேண்டும். முடியாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். அவருடைய பெயரும் அரசாங்க வேலைகளுக்கான பதிவிலிருந்து போய்விடும். ஏலாது என்று விட்டுவிட்டால் பிறகு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். கையெழுத்து வைத்தார்.

கிடங்கு வெட்டினோம். மழை நிரப்பியது. இறைத்தோம். வாவி நிரப்பியது. வட்டைக்குப் போகிறவர்கள் உழவு இயந்திரத்தை நிறுத்தி, மீன் வளர்க்கப் போறீங்களோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தறப்பாளால் கூரை போடலாம் என்று நான் துள்ளினேன்.

"போடு மச்சான். மேலால வாற தண்ணிக்குத் தறப்பாள். கீழால வாறதுக்கு என்னத்த விரிப்பாய்?" என்றார் அத்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. மாரியில் வாவி முட்டி நிரம்பினால், அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். தண்ணி மளமளவென்று இறங்கும். அந்த இடைவெளியில் மழையும் விட்டால் அடித்தளத்தைப் போட்டுவிடலாம். மாரியில் வேலை எடுத்த எல்லாரும் அந்தச் செய்திக்குத்தான் காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். அத்தானும் சீமெந்து, கல், ஆட்கள் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, வெட்டினால் உடனே அறிவிக்க அங்கே ஒரு ஆளிடமும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அப்போதுதான் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி தொலைபேசியில் வந்தார். கொங்கிரீட் போடும் படம் இன்னும் வரவில்லையாம். அத்தான் மழையையும் வெள்ளத்தையும் மரியாதையாகச் சொன்னார்.

"இங்க நல்ல வெயில்தானே ஐசே," என்றார் அவர்.

தென்மேல் பருவம், வடகீழ் பருவம் என்று சின்ன வகுப்பிலேயே படித்தோம். அவரும் படித்திருப்பார். ஒரு கரை காயும்போது மறுகரை நனையும் தீவு இது. ஆனால் நாட்காட்டி மட்டும் காய்கிற கரையினுடையது. அத்தான் சிரித்துச் சமாளித்தார். அவருக்குக் கோபமே வராது. அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

முகத்துவாரம் வெட்டினார்கள். தண்ணி இறங்கிய அன்றே விடியலில் தொடங்கி அடித்தளத்தைப் போட்டு முடித்தோம். பக்கச் சுவர்களுக்குக் கம்பி கட்டி நிமிர்வதற்குள் மழை திரும்பிவிட்டது. மறுபடியும் அதே அதிகாரி. எப்படியாவது சுவரைப் போட்டுப் படத்தை அனுப்பு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். கொட்டுகிற மழையில் போட்டால் சீமெந்து கழுவிப்போய் வெறும் கல்லும் மணலும்தான் மிஞ்சும்.

"அது உடைஞ்சா உங்களத் தேடியா வரப்போறாங்க, சேர்? என்ட வாசலுக்குத்தான் வருவாங்க," என்றார் அத்தான். வெளியூர்க் கம்பனி என்றால் போட்டு, படமெடுத்து, சாமானை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். இவர் இந்த ரோட்டால்தான் நாளைக்கும் போகவேண்டும்.

வருஷம் முடிந்தது. வேலையை ரத்துச் செய்தார்கள். பெயரையும் எடுத்தார்கள்.

அடுத்த ஆடியில் போய்ப் பார்த்தேன். வாவி பின்வாங்கி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செருப்பு நனையாமல் ஒரு பாலமென்ன, ஒரு ஊரையே கட்டலாம். துருப்பிடித்த கம்பியில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

அத்தான் இப்போது காத்தான்குடியில் இன்னொருவருடைய வேலையில் மாடிச் சுவர் பூசுகிறார். போன கிழமை, மீதிப் பாலத்துக்கு விலை கேட்டு பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பதிவில் பெயர் இல்லாததால் அவரால் விலை போட முடியாது. கை கழுவிக்கொண்டே, எப்போது தொடங்கட்டாம் என்று மட்டும் கேட்டார்.

கார்த்திகையில் என்றேன். முடிவு அதே வருஷக் கடைசி.

"எடுக்கிறவன் ஆரெண்டு பாத்துச் சொல்லு மச்சான். முகத்துவாரம் வெட்டினா அறிவிக்கிற ஆள்ர நம்பர் என்னட்டக் கிடக்கு."