மதிலைச் சுற்றி வந்த கேபிள்

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. என் கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டார். பயப்படாதீர்கள்... கத்தாரில் அவர் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். உறைந்து போனது என் கம்ப்யூட்டர் திரை!

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அவர் என்னோடு முகம் பார்த்துப் பேசுவது வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான். அதிலும் பாதி, "கேக்குதா? கேக்குதா?" என்றே போய்விடும்.

தோப்புக்கு அந்தப் பக்கம் என் தங்கை வீடு. அவள் வீட்டுக்காரரும் கத்தார்தான். அவள் பேசிச் சிரிக்கிற சத்தம் என் அடுப்படி வரை கேட்கிறது. வயிறு எரியுமா, எரியாதா?

காரைக்காலில் எங்கள் குடும்பங்களில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. வாப்பா எனக்குக் கொல்லைக் கோடியில் இருந்த பழைய வீட்டைக் கொடுத்தார். அவள் கல்யாணத்துக்கோ தெருவைப் பார்த்துப் புது வீடே கட்டினார். நெட் வந்து இறங்குவதும் அங்கேதான். கொல்லை வரைக்கும் தனி கனெக்‌ஷன் இழுக்க முடியாது என்று கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"அதனால என்ன லாத்தா? எங்க மோடத்துலேருந்து ஒரு கேபிள் இழுத்துக்குங்க. கூடம் வழியா நேரா வந்துடும்" என்றாள்.

பெருந்தன்மையாம்! அவள் கூடத்தைத் தாண்டித்தான் எனக்கு நெட் வர வேண்டுமா? "புது வூட்டு சுவத்துல எதுக்கு ஆணி அடிச்சிக்கிட்டு..." என்று நைசாக மறுத்துவிட்டேன். மதில் ஓரமாகவே, கிணற்றடியைச் சுற்றி, தென்னைகளைத் தாண்டி, அவள் கூடத்துப் பக்கமே போகாமல் கேபிள் என் வீடு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. நானாக ஒரு முடிவுக்கு வந்தேன் — என் நேரம் பார்த்து அவள்தான் கேபிளைப் பிடுங்கிவிடுகிறாள்! அந்த வெள்ளிக்கிழமை திரை உறைந்ததும் நேரே போய்க் கேட்டேவிட்டேன்.

"ஏன்டி, நான் ஒரு மணி நேரம் பேசுனா உனக்கு என்ன கொறஞ்சு போவுது?"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், கேபிளின் அந்த முனையைக் குனிந்து பார்த்தாள். என்னோடு நடந்து வந்து இந்த முனையையும் பார்த்தாள். கேபிள் மேலேயே மீட்டர் கணக்கு அச்சடித்திருக்கிறார்களாம். நான் எங்கே கண்டேன்?

"நூத்தி நாப்பது மீட்டர் ஓடுது லாத்தா. நூறைத் தாண்டுனாலே தகராறுதான், பாதி வரும், பாதி வராது. கூடம் வழியா வந்தா எழுபதுதான்."

இதுகூட அவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டுமா?

என்ன செய்வது... கேபிள் இப்போது அவள் கூடம் வழியாக வருகிறது. நேற்று வெள்ளி. அவர் தாடியில் புதிதாக வந்த நரைகூடத் தெரிந்தது. அந்த முகத்தை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! கண் கலங்கிவிட்டது எனக்கு. அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்தார்.

"நல்லாத் தெரியிது. உன் தங்கச்சிக்கு சலாம் சொல்லு. கெட்டிக்காரி அவ!"

"சொல்றேன்" என்றேன்.

"ஏன், மூஞ்சி ஏன் இப்புடிப் போவுது?" என்றார்.

நெட் இவ்வளவு தெளிவாகவும் இருக்கக் கூடாது!