மேட்டுத் தெரு வால்வு

என் அம்மா என்னைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. நானும் பால் குடிக்காமல் நீலம் பாரித்துக் கிடந்தபோது, வேதக்கோயில் பீடத்தின் படியில் என்னைக் கிடத்தி, "பிழைக்க வச்சீர்னா உம்ம ஊழியத்துக்கே விட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்தாளாம். நான் பிழைத்தேன். ஆனால் அப்பா சீக்கிரமே போய்விட்டார். பத்தாவதில் நான் கோட்டை விட்டேன். வேதாகமப் பள்ளிக்குப் போக வேண்டியவன் தண்ணீர்ப் பிரிவில் வால்வு திறக்கும் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

கன்னடக்காரர்கள் நீருகண்டி என்பார்கள். தோளில் ஆள் உயர இரும்புச் சாவி. தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கித் திருகினால் அந்தத் தெருக் குழாய்களில் தண்ணீர் வரும். முறை முடிந்ததும் மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். காக்ஸ் டவுன் பக்கம் சில தெருக்கள் என் பொறுப்பில் இருந்தன. நாங்கள் குடியிருந்த மேட்டுத் தெருவும் அதில் ஒன்று.

ஐம்பதுகளில் ஒரு கோடை. ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் திறக்கச் சொன்னார்கள். வெறும் குடத்தோடு நிற்கிற பெண்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்கள். எந்த உபதேசியாருக்காவது ஜனங்கள் இப்படிக் காத்துக் கிடந்திருப்பார்களா என்று நான் கேலியாக நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா காதில் விழுந்தால் தொலைந்தேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. வால்வைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வராது. குழாய் 'புஸ்' என்று காற்றை ஊதும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், விளையாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்க் குழாயில் காதை வைத்துக்கொண்டு, "அப்பா வர்றாரு! அப்பா வர்றாரு!" என்று கத்துவாள். தெருமுனையில் நிற்கிற எனக்கே அது கேட்கும். குழாய்க்குள்ளிருந்து நான்தான் வருகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தக் குரலுக்காகத்தான் நான் அந்த வேலையைப் பொறுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில்தான் அவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம். தொண்டைக்குள் வெள்ளையாகப் படலம் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர், "இப்பவா கொண்டு வர்றது?" என்றார். என் மனைவி ஸ்பூனால் தண்ணீர் ஊட்டப் பார்த்தாள். அது மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவனின் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

வராந்தாவில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருடிப் பைப்புக்குக் கொடுத்தோமேடா! சும்மா விடுவாரா?"

நேரே போதகரிடம் ஓடினேன். "கோயிலைப் பெருக்குற வேலையானாலும் பரவாயில்லை ஐயா, சம்பளமே வேணாம், என்னைச் சேர்த்துக்கோங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர்தான். எனக்காக ஜெபம் செய்தார். பிறகு, "நீ செய்யிற வேலையே ஊழியந்தாம்ப்பா" என்றார். வாசல்வரை கூட வந்தவர் சற்றுத் தயங்கி, "கோயில் தெருவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தண்ணி விட முடியுமா, பாரேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெருவில் நின்று நானே ஆண்டவரிடம் பேரம் பேசினேன். திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், தெருத்தெருவாய்ப் பிரசங்கம் செய்கிறேன், அவளை மட்டும் விட்டுவிடும் என்றேன்.

அவர் பேரத்துக்கு வரவில்லை. மறுநாள் பிற்பகல் அவளை ஜட்காவில் மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அடக்கம் அதற்கடுத்த நாள் காலை. அன்று மேட்டுத் தெருவின் முறை. எனக்குப் பதிலாக வேறு வட்டாரத்து ஆள் வந்து, எங்கள் வாசலில் சார்த்தியிருந்த சாவியை எடுத்துப் போனான். பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளைக் கவுன் போட வேண்டும். அண்டாவில் அடிக் கலங்கல்தான் மிச்சம். "புதுத் தண்ணி வரட்டும்" என்றாள் அம்மா. காத்திருந்தோம். குழாயில் காற்றுக்கூட வரவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மேட்டுத் தெரு வால்வு வெள்ளைக்காரப் பட்டாளத்தார் காலத்துப் பழைய வால்வு. மற்றதற்கெல்லாம் எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும். அவனிடம் நான் சொல்ல மறந்திருந்தேன். அவன் வழக்கமான பக்கம் திருகி, இன்னும் இறுக்கி மூடிவிட்டு, திறந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான்.

தெருப் பெண்கள் குடங்களோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். திட்டத்தான் வந்திருப்பார்கள். உள்ளே பாயில் கிடந்தவளைப் பார்த்ததும் குடங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எப்போதும் என் குலத்தையே இழுத்துத் திட்டுகிற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருத்தியும் தண்ணீர் என்று சொல்லவில்லை. மெல்லத் திரும்பிப் போனார்கள். அவர்கள் கேட்டிருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன்.

எழுந்து நடந்தேன். "பிள்ளையைப் போட்டுட்டு எங்கடா போறே?" என்று உறவுக்காரர் யாரோ கேட்டார்கள். முனைக்குப் போய், அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, எதிர்ப்பக்கமாகத் திருகினேன். அடியில் தண்ணீர் அசைவது கைக்குத் தெரிந்தது. தெரு நெடுகக் குழாய்கள் ஒவ்வொன்றாகப் 'புஸ்' என்று ஊதின. எங்கள் வீட்டுக் குழாயும் ஊதியிருக்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் கத்தவில்லை. அங்கேயே குழியோரம் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அதுவரை நான் அழவில்லை.

அந்தத் தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்டினார்கள். பதிலுக்கு வந்தவன் தன் வட்டாரத்தைப் பார்க்கப் போய்விட்டிருந்தான். மூட வேண்டிய நேரம் வந்தது. என்னால் சாவியைத் தொட முடியவில்லை. இருக்கிற தண்ணீரெல்லாம் அந்த ஒரு தெருவிலேயே ஓடித் தீரட்டும், கீழே இருப்பவர்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஈரப் புடவையோடு முனைவரை வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"மூடிட்டுப் போடா. கீழ்த் தெருவுல பிள்ளைங்க இருக்கும். திறந்துட்டு சீக்கிரமா வா, நீ வந்தப்புறம் எடுக்கலாம்."

அவள் தன் வாக்கிலிருந்து என்னை விடுவித்தாளா, அல்லது அதைத்தான் என் கையில் கொடுத்தாளா, எனக்குத் தெரியவில்லை. கடைசிவரை நான் கேட்கவுமில்லை. வால்வை மூடினேன். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்த் தெருவுக்கு நடந்தேன்.