இடது ஓரத்து ஸ்டீரிங்

எங்கள் விசைப்படகைக் கட்டியபோது என் கணவர் பிரான்சில் வேலையில் இருந்தார். அரசலாற்றங்கரையில் தச்சர்கள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது நான்தான். படகை ஓட்டப்போகிறவர் என் கொழுந்தனார். அதுவரை அடுத்தவர் படகுகளையே ஓட்டி வந்தவர்.

கேபினில் ஸ்டீரிங்கை இடது ஓரமாகப் பொருத்தியிருந்தார்கள். கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டு, அதை வலது ஓரத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால்தான் வலப்பக்கம் வருகிற படகு தனக்குத் தெரியும் என்றார். மாற்றினால் சுக்கானுக்குப் போகிற குழாயையும் பிரிக்க வேண்டும், பத்து நாளாகும் என்றார் தச்சர். தண்ணீரில் இறக்க நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது.

"எல்லாரும் இப்புடித்தானே ஓட்டுறாங்க? ஒங்களுக்கு மட்டும் கண்ணு தெரியாதா தம்பி?" என்றேன். வேலையாட்கள் சிரித்தார்கள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டீரிங்கை மாற்றாமலே படகை இறக்கினோம். நாலாவது மாதம், கரை திரும்பும்போது, முகத்துவாரத்தில் வலப்பக்கமாக வந்த, பக்கத்து ஊரான கிளிஞ்சல்மேட்டு ஃபைபர் படகை எங்கள் படகு இடித்துவிட்டது. அதிலிருந்தவருக்கு முழங்கால் நசுங்கிவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் கொழுந்தனார், கவனிக்காதது தன் தப்பு என்று மட்டும் சொன்னார். இனிமேல் படகு ஓட்டக்கூடாது என்றார்கள். பெண்களோடு நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "வலது கண்ணு ரெண்டு வருஷமாவே மங்கல்தான் அண்ணி. அத்தன பேரு முன்னாடி எப்புடிச் சொல்றது?"

மீன்பிடித் தடைக்காலத்தில் ஸ்டீரிங்கை மாற்றினோம். ஆறே நாளில் வேலை முடிந்தது. இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். கொழுந்தனார் துறைமுகத்தில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். என்னைக் கண்டால் பழையபடியே எழுந்து, "வாங்க அண்ணி" என்கிறார். ஒருநாளாவது திட்டியிருக்கலாம்.

போன வாரம் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய், அடிபட்டவரிடம், ஸ்டீரிங்கை மாற்ற நான் மறுத்ததைச் சொன்னேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? பஞ்சாயத்துல சொல்லுங்க. அந்த மனுசன் மேல மட்டும் பழி கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடுகிறது. நானும் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கொழுந்தனாரின் கண்ணைப் பற்றி அங்கே வாய் திறக்க மாட்டேன். அவர் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னால் போதும். என் கணவருக்கு இன்னும் தெரியாது.